ஆறு புள்ளிகளில் ஓர் அறிவொளி

பார்வையற்ற ஒருவரை வழியில் காணும்போது நம்மில் பலருடைய உள்ளத்தில் முதலில் எழுவது இரக்கம். இரக்கம் நல்ல குணந்தான். ஆனால் இரக்கத்தோடு நம் கடமை முடிந்துவிடுகிறதா? உடற்குறை உள்ளவர்களை உலகம் எல்லாக் காலத்திலும் ஒரே கண்ணோடு பார்த்ததில்லை. பாவத்தின் பலனை அனுபவிக்கிறவர்கள் என்று சிலர் ஒதுக்கினார்கள். பிச்சை இட்டுப் புண்ணியம் தேடிக்கொள்ள வாய்த்தவர்கள் என்று சிலர் எண்ணினார்கள். வேறு சிலர் அவர்களை வேடிக்கைப் பொருளாக்கிச் சிரித்தார்கள். தீராத நோயாளிகள் என்று கைவிட்டவர்களும் உண்டு. எப்படியாவது தம்மைப்போல் ஆக்கிவிட வேண்டும் என்று பாடுபட்டவர்களும் உண்டு. தமக்கு எது தேவை என்பதை அவர்களே நன்கு அறிவார்கள், அவர்களைக் கேட்போம் என்று நினைத்தவர்களோ மிகச் சிலர்.

இத்தனை பார்வைகளுக்கும் நடுவே 43 ஆண்டுகள் வாழ்ந்து, பார்வையற்றோர் தம் விரலாலேயே படிக்கவும் எழுதவும் வழிகண்டவர் லூயி பிரெயில். அவருடைய பெயரை அறியாதவர் நம்மில் இல்லை. அவர் வாழ்க்கையை அறிந்தவர்களோ சிலரே. அதை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

கூப்வ்ரே கிராமத்துச் சிறுவன்

பிரான்சு நாட்டின் தலைநகரான பாரிசுக்குக் கிழக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில் கூப்வ்ரே என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 1809-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் லூயி பிறந்தார். தந்தை சிமோன் ரெனே பிரெயில், குதிரைகளுக்குச் சேணமும் கடிவாளமும் செய்யும் தொழிலாளி. தாய் பெயர் மோனிக். நான்கு குழந்தைகளில் லூயியே கடைக்குட்டி.

தந்தையின் பட்டறைதான் குழந்தைக்கு விளையாட்டுக் கூடம். 1812-ஆம் ஆண்டில், மூன்று வயது லூயி, தந்தை இல்லாத நேரத்தில் தோல் துளைக்கும் கூரிய கருவி ஒன்றை எடுத்து விளையாடினான். கருவி வழுக்கி ஒரு கண்ணில் பாய்ந்தது. புண்ணில் சீழ் பிடிப்பதைத் தடுக்கும் மருந்துகள் எவையும் அறியப்படாத காலம் அது. கண்ணில் உண்டான நோய் மற்றக் கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயது நிறைவதற்குள் இரு கண்களும் முழுவதும் இருண்டுவிட்டன.

அக்காலத்தில் ஓர் ஏழைத் தொழிலாளியின் பார்வையற்ற மகனுக்கு எத்தகைய வாழ்வு காத்திருந்தது? பெரும்பாலும் பிச்சை எடுப்பது. இல்லையேல் வீட்டு மூலையில் பிறர் கையை எதிர்பார்த்துக் கிடப்பது. ஆனால் லூயியின் பெற்றோர் அவனை மூலையில் உட்கார வைக்கவில்லை. தந்தை அவனுக்கென்று கைத்தடி செய்து கொடுத்தார். அதைத் தட்டித் தட்டி ஊரின் தெருக்களையும் வளைவுகளையும் அவன் மனத்தில் பதித்துக்கொண்டான். வீட்டு வேலைகளிலும் பட்டறை வேலைகளிலும் தன்னால் இயன்றதைச் செய்தான். பலகையில் ஆணிகளை வரிசையாக அடித்து எழுத்துகளின் வடிவத்தை உண்டாக்கி, அவற்றைத் தடவிப் படிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அத்தந்தையே.

அவ்வூருக்கு வந்த பங்குக் குரு ஜாக் பலுயி, சிறுவனின் கூர்மையான அறிவைக் கண்டு அவனுக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார். பிறகு ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே மற்றப் பிள்ளைகளோடு சேர்த்துப் படிக்க வைத்தார். பார்வையற்ற பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது அந்நாளில் யாரும் கேள்விப்படாத காரியம். ஒரு முறை காதால் கேட்டதை லூயி மறப்பதில்லை. ஆனால் மற்றவர்கள் புத்தகத்தைத் திறந்ததும் அவன் கைகள் சும்மா இருக்கவேண்டியதாயிற்று. அறிவு இருந்தது, ஆர்வம் இருந்தது, ஆசிரியரும் இருந்தார். அவன் படிக்கத்தக்க புத்தகம் மட்டும் இல்லை. அவனுடைய குறை அவன் கண்ணில் மட்டுமா இருந்தது? புத்தகத்திலும் பாதி இருந்தது அல்லவா? இதை அன்று யாரும் அப்படி எண்ணிப் பார்க்கவில்லை.

பிச்சையும் பரிகாசமும்

லூயியின் கதையைத் தொடருமுன், அவருக்கு முன் பிரான்சில் பார்வையற்றோர் இருந்த நிலையைச் சிறிது அறிந்துகொள்வோம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மன்னரான புனித லூயி, பாரிசில் முந்நூறு பார்வையற்றோர் தங்குவதற்கென ஓர் இல்லம் அமைத்தார். அக்காலத்துக்கு அது பெருங்கருணை. இருக்க இடமும் உண்ண உணவும் கூடி வாழ ஓர் உறவும் அவர்களுக்குக் கிடைத்தன. ஆனால் நகரில் காணிக்கை கேட்டு வருவதே அவர்களுடைய வேலையாயிற்று. கருணை அவர்களைக் காப்பாற்றியது; ஆனால் கை ஏந்துகிறவர்களாகவே வைத்திருந்தது.

இன்னும் கொடுமையான காட்சி ஒன்று 1771-ஆம் ஆண்டு பாரிஸ் சந்தையில் நடந்தது. அதே இல்லத்தைச் சேர்ந்த பார்வையற்றவர்கள் சிலருக்குக் கோமாளி உடையும் நீண்ட தொப்பியும் அணிவித்து, கண்ணாடி இல்லாத பெரிய மூக்குக் கண்ணாடிகளை மாட்டி, இசைத்தாள்களை முன்னே வைத்து, இசைக் கருவிகளைத் தாறுமாறாக வாசிக்கச் செய்தார்கள். கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. கூட்டத்தில் நின்ற ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பெயர் வாலண்டின் ஹவுய். மொழிபெயர்ப்பில் வல்லவரான அவருடைய உள்ளத்தை அக்காட்சி வாட்டியது. பார்வையற்றோரை உண்மையாகவே படிக்க வைத்துக் காட்டுவேன் என்று உறுதி பூண்டார்.

அவருடைய எண்ணத்துக்கு வலு ஊட்டியவர் ஒரு பெண்மணி என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. வியன்னா நகரைச் சேர்ந்த மரியா தெரேசியா ஃபான் பரடிஸ் என்னும் அம்மையார் சிறு வயதிலேயே பார்வை இழந்தவர். சிறந்த பியானோ கலைஞர். 1784-ஆம் ஆண்டில் அவர் பாரிசுக்கு வந்து இசை விருந்து அளித்தார். மெத்தையில் குண்டூசிகளைக் குத்தி எழுத்துகளைத் தடவிப் படிக்கும் வழக்கம் அவருக்கு இருந்தது. ஹவுய் அவரைச் சந்தித்து அம்முறைகளைக் கேட்டறிந்தார்.

ஹவுயின் முதல் மாணவன் பிரான்சுவா லெசுவர். கோவில் வாசலில் பிச்சை எடுத்து வாழ்ந்த இளைஞன் அவன். அவனை வைத்து ஹவுய் தொடங்கிய பள்ளியே பார்வையற்றோருக்காக உலகில் எழுந்த முதல் பள்ளி. அழுத்தி அச்சிட்ட ஒரு தாளின் பின்புறத்தில் எழுத்து புடைத்திருப்பதை லெசுவர் விரலால் உணர்ந்து சொன்னான். அதிலிருந்தே, நனைந்த கனத்த தாளில் எழுத்துகளை மேடாக அழுத்திப் புத்தகம் செய்யும் முறை பிறந்தது. பிச்சைக்காரர் என்றும் கோமாளி என்றும் கருதப்பட்டவர்கள் மாணவர் என்று அழைக்கப்படும் காலம் வந்தது.

பாரிஸ் பள்ளியில்

அந்தப் பள்ளியில் 1819-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் பத்து வயது லூயி சேர்ந்தார். பங்குக் குருவும் ஊர்ப் பிரபு ஒருவரும் முயன்று உதவித்தொகை பெற்றுத் தந்தனர். பள்ளி இருந்த கட்டடம் ஒரு காலத்தில் குருமடமாக இருந்து, புரட்சியின்போது சிறைச்சாலையாக மாறிய பழைய கட்டடம். இருட்டும் ஈரமும் நிறைந்தது. மாணவர் பலரை இருமலும் காய்ச்சலும் வாட்டின. லூயியின் நெஞ்சில் பிற்காலத்தில் குடிகொண்ட காசநோய்க்கு இந்த ஈரச் சுவர்களும் காரணமாக இருந்திருக்கலாம் என்று பலர் கருதுகின்றனர்.

அப்போது தலைவராக இருந்த கிய்யே ஒரு மருத்துவர். கடுமையான தண்டனைகளால் பள்ளியை நடத்தியவர். 1821-ஆம் ஆண்டு அவர் நீக்கப்பட்டு, பின்யே என்பவர் தலைவரானார். பின்யே மாணவர்மேல் அன்புள்ளவர். அவருடைய காலத்தில் இசைக் கல்வி தழைத்தது. ஆர்கன் வாசிக்கக் கற்ற மாணவர்கள் கோவில்களில் வேலை பெற்றனர்.

லூயி எல்லாப் பாடங்களிலும் பரிசு பெற்றார். ஆனால் அவருடைய ஏக்கமோ புத்தகம். பள்ளியில் இருந்த மேட்டெழுத்துப் புத்தகங்கள் மிகச் சில. ஒவ்வொன்றும் தூக்க முடியாத கனம். ஒவ்வோர் எழுத்தும் பெரியதாக இருக்கவேண்டியிருந்ததால் ஒரு பக்கத்தில் சில வரிகளே அடங்கும். ஓர் எழுத்தின் வளைவையும் கோட்டையும் முழுவதும் தடவி முடித்து அடுத்த எழுத்துக்குப் போவதற்குள் முதல் எழுத்து நினைவை விட்டு நழுவிவிடும். எல்லாவற்றிற்கும் மேலாக, அம்முறையில் படிக்க முடியுமே தவிர மாணவர் தாமாக எழுத முடியாது. பிறர் எழுதித் தருவதைப் பெற்றுக்கொள்ளலாம். தம் எண்ணத்தைப் பதித்து வைக்க வழியில்லை.

இதில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. மேட்டெழுத்தைச் செய்தவர்கள் நல்லவர்கள், பார்வையற்றோர்மேல் அன்புள்ளவர்கள். ஆனால் தம் கண்ணுக்கு உகந்த எழுத்தையே பிறர் விரலுக்கும் கொடுத்தார்கள். எழுத்து என்றால் தாம் அறிந்த வடிவந்தான் என்பது அவர்கள் எண்ணம். விரலுக்கு எது எளிது என்று விரலைக் கேட்கவில்லை.

புள்ளிகள் வந்த கதை

1821-ஆம் ஆண்டில் சார்ல்ஸ் பார்பியே என்னும் முன்னாள் படைத்துறை அதிகாரி, புடைத்த புள்ளிகளால் எழுதும் ஒரு முறையைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். கோடுகளைவிடப் புள்ளிகளை விரல் எளிதில் அறிந்துகொண்டது. மாணவர்கள் மகிழ்ந்தனர். தாமே எழுதவும் முடிந்தது. பார்பியே செய்தது பெரிய உதவி.

ஆயினும் அம்முறையில் குறைகள் இருந்தன. ஒவ்வொரு குறிக்கும் இரு வரிசையில் பன்னிரண்டு புள்ளிகள் வரை தேவைப்பட்டன. அத்தனை புள்ளிகளும் ஒரு விரல் நுனிக்குள் அடங்கவில்லை; விரலை மேலும் கீழும் நகர்த்தவேண்டியிருந்தது. அது ஒலிகளைக் குறித்ததே தவிரச் சரியான எழுத்துக்கூட்டலைக் காட்டவில்லை. நிறுத்தக் குறிகள் இல்லை, எண்கள் இல்லை, இசைக் குறிகளும் இல்லை. செய்தி எழுதிக்கொள்ளப் போதும். கல்வி கற்கப் போதாது. பார்வையற்றவர்களுக்கு இவ்வளவு போதும் என்று பலர் எண்ணினார்கள். பன்னிரண்டு வயது லூயிக்கு அது போதவில்லை. மற்றவர்கள் படிக்கும் அனைத்தையும், அவர்கள் எழுதும் அதே எழுத்துக்கூட்டலோடு, தாமும் படிக்கவேண்டும் என்பது அவர் விருப்பம்.

பகலில் பாடங்கள், மற்ற நேரங்களில் தாளும் எழுத்தாணியும். விடுமுறைக்கு ஊருக்குச் சென்றபோதும் அதே முயற்சி. பட்டறையில் தம் கண்ணைப் பறித்த கருவியைப் போன்றதொரு கூரிய முனையால்தான் தாளில் புள்ளி வைத்தார். மூன்று ஆண்டுகள் உழைத்து, 1824-இல் தம் பதினைந்தாம் வயதில், முறையின் அடிப்படையை முடித்துவிட்டார்.

அதன் எளிமை வியக்கத்தக்கது. பன்னிரண்டு புள்ளிகளை ஆறாகக் குறைத்தார். இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளிகள், அவ்வளவே. ஆறும் ஒரே நேரத்தில் விரல் நுனிக்குள் அடங்கும். எந்தப் புள்ளியை வைப்பது, எதை விடுவது என்று மாற்றி மாற்றி அமைத்தால் 63 வடிவங்கள் கிடைக்கும். முதல் பத்து எழுத்துகளுக்கு மேலே உள்ள நான்கு புள்ளிகளை மட்டும் பயன்படுத்தினார். அவற்றின் கீழே இடப்புறம் ஒரு புள்ளி சேர்த்தால் அடுத்த பத்து எழுத்துகள். வலப்புறமும் ஒன்று சேர்த்தால் அடுத்த வரிசை. முதல் பத்து எழுத்துகளின் முன் ஒரு குறியை இட்டால் அவையே எண்களாகிவிடும். முதல் வரிசையைக் கற்றவர் மற்றவற்றைத் தாமே ஊகித்து அறியலாம்.

1829-இல் இம்முறையை விளக்கி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. சொற்களை மட்டுமன்றி இசையையும், கோவிலில் பாடும் வழிபாட்டுப் பாடல்களின் இசையையும் எழுதும் முறையை அதில் விளக்கினார். வழிகாட்டிய பார்பியேக்கு அந்நூலில் நன்றி செலுத்தவும் தவறவில்லை. 1837-இல் திருத்திய பதிப்பு வந்தது. அதே ஆண்டில் பிரெஞ்சு வரலாற்று நூல் ஒன்று இந்தப் புள்ளி எழுத்தில் மூன்று பகுதிகளாக அச்சாயிற்று.

ஆசிரியரும் இசைஞரும்

படித்த பள்ளியிலேயே 1828-இல் துணை ஆசிரியராகவும், 1833-இல் முழு ஆசிரியராகவும் லூயி பணியேற்றார். இலக்கணம், வரலாறு, கணிதம், இசை முதலியவற்றைக் கற்பித்தார். கடிந்துகொள்ளவேண்டிய இடத்திலும் இதமாகப் பேசுவார் என்று அவருடைய நண்பர் கோல்தா எழுதி வைத்திருக்கிறார். ஆர்கன் வாசிப்பதிலும் தேர்ந்தவராகி, 1834 முதல் பாரிசில் உள்ள புனித நிக்கோலாஸ் ஆலயத்தில் ஆர்கன் இசைஞராக இருந்தார். கையில் கிடைத்த பணத்தில் ஏழை மாணவருக்குப் புத்தகமும் துணியும் வாங்கித் தருவார். கடன் கேட்டவருக்கு இல்லை என்று சொல்லமாட்டார்.

இருபத்தாறாம் வயதில் காசநோயின் அறிகுறிகள் தோன்றின. அதன்பின் பல முறை ஊருக்குச் சென்று ஓய்வெடுத்துத் திரும்பவேண்டியதாயிற்று. அந்த நிலையிலும் வேறொரு முயற்சியில் ஈடுபட்டார். பார்வையற்றவர் எழுதும் புள்ளி எழுத்தை, பார்வையுள்ள தாயோ தம்பியோ படிக்க முடியாதே! ஆகவே புள்ளிகளைக் கொண்டே வழக்கமான எழுத்துகளின் வடிவத்தை எழுதும் ஒரு முறையை 1839-இல் வெளியிட்டார். பிறகு ஃபுக்கோ என்னும் பார்வையற்ற நண்பர் அதற்கென ஓர் எழுது பொறியையே உருவாக்கித் தந்தார். புள்ளி எழுத்து பார்வையற்றோரைச் சமுதாயத்திலிருந்து பிரித்துவிடும் என்று குற்றம் கூறினவர்களுக்கு இதைவிடச் சிறந்த பதில் எது? பார்வையுள்ளோர் தம்மை நோக்கி ஓர் அடி எடுத்து வைக்கத் தயங்கிய காலத்தில், பார்வையற்ற பிரெயில் அவர்களை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார்.

தடையும் மறைவுப் படிப்பும்

1840-ஆம் ஆண்டு பள்ளியில் சூழ்ச்சி நடந்தது. பின்யே விலக்கப்பட்டு, அவருக்குக் கீழ் இருந்த டுஃபோ தலைவரானார். டுஃபோ படித்தவர், பார்வையற்றோர் கல்வியைப்பற்றி நூல் எழுதியவர். ஆனால் பார்வையுள்ளோர் படிக்கும் எழுத்து வடிவையே பார்வையற்றோரும் படிக்கவேண்டும் என்பது அவருடைய உறுதியான கொள்கை. ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவிலும் வழங்கிய மேட்டெழுத்தைக் கொண்டுவந்தார். புள்ளி எழுத்தைத் தடுத்தார். பழைய புத்தகங்கள் எரிக்கப்பட்டன என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

தம் கையால் உருவாக்கிய எழுத்து, தாம் பணிபுரியும் பள்ளியிலேயே தடுக்கப்படுவதைக் காண்பது எத்தகைய வேதனை! ஆனால் ஒரு முறை தாமாக எழுதிப் படித்து மகிழ்ந்த பிள்ளைகள் அதை மறப்பார்களா? எழுதுகோல்களைப் பறித்தால் ஆணியும் ஊசியும் இல்லையா? மாணவர்கள் மறைவில் புள்ளி எழுத்திலேயே எழுதினார்கள். ஒருவருக்கொருவர் கடிதம் பரிமாறிக்கொண்டார்கள். பெரிய மாணவர் சிறியவர்களுக்குக் கற்பித்தார்கள். எது தமக்கு உகந்தது என்பதை அவர்கள் விரல்களே தீர்ப்புச் சொல்லிவிட்டன.

அதைக் கண்டு மனம் மாறியவர் துணைத் தலைவரான குவாதே. பார்வையுள்ளவரான அவர், மாணவர் எதை விரும்பிப் படிக்கிறார்கள் என்று கூர்ந்து கவனித்தார். டுஃபோவிடம் எடுத்துச் சொல்லி அவரையும் இணங்க வைத்தார். கவிஞரும் பாராளுமன்ற உறுப்பினருமான லாமார்த்தின் 1838-இல் மன்றத்தில் வாதாடியதன் பயனாகப் பள்ளிக்குப் புதிய கட்டடம் எழும்பியிருந்தது. 1844 பிப்ரவரி 22-ஆம் நாள் நடந்த அதன் திறப்பு விழாவில், குவாதே பிரெயில் முறையைப் போற்றித் தாம் எழுதிய கட்டுரையைப் படித்தார். சொல்லச் சொல்லப் புள்ளிகளில் எழுதுவதும், எழுதியதை அப்படியே படித்துக் காட்டுவதும் மேடையில் நடந்தன. கூடியிருந்தோர் வியந்தனர். தடை நீங்கியது.

இதில் நாம் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. டுஃபோவும் கெட்ட எண்ணத்தால் தடை செய்தார் என்று சொல்லிவிட முடியாது. பார்வையற்றோரின் நன்மைக்கே செய்வதாக அவர் நம்பினார். பிறருக்காக நன்மை செய்கிறவர், அப்பிறரைக் கேளாமல் செய்யும்போது, நன்மையே சுமையாகிவிடுகிறது. குவாதேயிடம் டுஃபோவைவிட மிகுந்த இரக்கம் இருந்ததா என்பது நமக்குத் தெரியாது. ஆனால் அவர் கவனித்தார், கேட்டார்.

மறைவும் மாண்பும்

நோய் முற்றியதால் 1850-இல் பிரெயில் ஓய்வு கேட்டார். 1851 டிசம்பரில் இரத்த வாந்தி கண்டு படுக்கையில் விழுந்தார். நண்பர்கள் சூழ, திருவருட்சாதனங்களைப் பெற்று, 1852 ஜனவரி 6-ஆம் நாள், மூன்றரசர் திருநாளன்று, அமைதியாகக் கண் மூடினார். 43 வயது நிறைந்து இரண்டே நாள்கள் ஆகியிருந்தன. அவர் தம் சிறு பெட்டி ஒன்றைத் திறக்காமல் எரித்துவிடும்படி கேட்டுக்கொண்டிருந்தார். ஆவலால் அதைத் திறந்தவர்கள் கண்டது, அவரிடம் கடன் வாங்கியவர்கள் எழுதிக் கொடுத்த சீட்டுகள். அவற்றைத் தீயிலிட்டனர், கடன்கள் தீர்ந்தன.

பாரிஸ் செய்தித்தாள்கள் அவருடைய மறைவைப்பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1854-இல், பிரான்சு அவருடைய எழுத்தை அதிகார முறையில் ஏற்றது.

இங்கிலாந்தில் டாக்டர் தாமஸ் ஆர்மிட்டேஜ் என்பவர் பார்வை மங்கியதால் மருத்துவத் தொழிலை விட்டவர். 1868-இல் அவர் ஒரு சங்கம் தொடங்கி, எந்த எழுத்து சிறந்தது என்று முடிவு செய்யும் குழுவில் விரலால் படிப்பவர்களே இருக்கவேண்டும் என்று விதித்தார். அக்குழு தேர்ந்தது பிரெயில் எழுத்தையே. அமெரிக்காவிலோ பல வகைப் புள்ளி எழுத்துகள் நெடுங்காலம் போட்டியிட்டன. ஹெலன் கெல்லர் அம்மையார் ஒன்றன்பின் ஒன்றாகப் பலவற்றைக் கற்கவேண்டியிருந்தது. 1932-இல்தான் ஆங்கிலம் பேசும் நாடுகளுக்குப் பொது முறை வந்தது. இந்தியாவிலும் பல முறைகள் இருந்து, 1951-இல் பாரதி பிரெயில் என்னும் பொது முறை ஏற்கப்பட்டது. இன்று தமிழின் ககரத்தையும் மகரத்தையும் தடவிப் படிக்கும் பிள்ளைகள், கூப்வ்ரே சிறுவன் வகுத்த அதே ஆறு புள்ளிகளைத்தான் தடவுகிறார்கள்.

1952-ஆம் ஆண்டு, மறைவின் நூற்றாண்டு நினைவாக, பிரான்சின் பெருமக்கள் துயிலும் பாந்தியோன் மண்டபத்துக்கு அவருடைய உடல் கொண்டுசெல்லப்பட்டது. ஹெலன் கெல்லரும் அவ்விழாவில் கலந்துகொண்டார். கைகள் மட்டும் பிறந்த ஊரான கூப்வ்ரேயிலேயே ஒரு பேழையில் வைக்கப்பட்டுள்ளன.

நாம் கற்பது என்ன?

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, அவரும் பாவம் செய்யவில்லை, அவர் பெற்றோரும் செய்யவில்லை என்று ஆண்டவர் மறுத்ததை நாம் நற்செய்தியில் படித்திருக்கிறோம். குற்றம் யாருடையது என்று தேடுவதை விட்டு, மனிதரைப் பார்க்கக் கற்பதே முதற்படி.

பிரெயிலின் கண்கள் கடைசி வரை ஒளி பெறவில்லை. ஐந்து வயதில் இருந்த இருளே நாற்பத்து மூன்றிலும் இருந்தது. ஆனால் எழுத்தறியாத சிறுவன் ஆசிரியராகி, நூலாசிரியராகி, இசைஞராக உயர்ந்தார். மாறியது அவர் கண்ணன்று, எழுத்து. அப்படியானால் ஒரு மனிதரின் குறை எவ்வளவு அவருடைய உடலில் இருக்கிறது, எவ்வளவு நாம் கட்டிய படிகளிலும் அச்சிட்ட நூல்களிலும் இருக்கிறது என்று நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். மாடிப்படி மட்டும் உள்ள கட்டடத்துக்கு முன் சக்கர நாற்காலியில் இருப்பவர் நின்றுவிட்டால், தடுத்தது அவர் கால்களா, அந்தப் படியா?

அதற்காக மருத்துவம் வேண்டாம் என்பதில்லை. இன்றைய மருந்துகள் அன்று இருந்திருந்தால் லூயியின் மற்றக் கண்ணாவது பிழைத்திருக்கலாம். கருணையும் வேண்டாம் என்பதில்லை. ஒரு குருவின் கருணை இல்லையேல் அவர் பாரிசையே கண்டிருக்கமாட்டார். மருத்துவமும் கருணையும் வழியைத் திறக்கலாம். நடக்கவேண்டியவர் அவர், எந்தத் திசை என்று சொல்லவேண்டியவரும் அவரே.

உலக நாடுகள் இவ்வுண்மையை மெல்ல மெல்ல ஏற்று வருகின்றன. 2006-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற உடன்படிக்கை, இது இரக்கத்தின் பிச்சையன்று, உரிமை என்று கொண்டது. அதையொட்டி 2016-இல் இந்தியாவிலும் சட்டம் வந்தது. பார்வையற்றோர் படிக்கத்தக்க வடிவில் நூல்கள் தடையின்றிக் கிடைப்பதற்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் முதன்முதல் உறுதிசெய்த நாடு நம் இந்தியா என்பது பெருமைக்குரியது. 2019 முதல் பிரெயில் பிறந்த ஜனவரி 4 உலக பிரெயில் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

சட்டம் செய்யக்கூடியது ஒரு பங்கு. மறு பங்கு நம் கையில் இருக்கிறது. பார்வையற்றவரைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்துச் சாலையைக் கடக்க வைக்காமல், உதவி வேண்டுமா என்று முதலில் கேட்போம். அவரோடு வந்தவரிடம் பேசாமல் அவரிடமே பேசுவோம். வகுப்பில் ஒரு தோழிக்குக் காது மந்தமாக இருந்தால், எங்கே உட்கார்ந்தால் நன்றாகக் கேட்கும் என்று அவளையே கேட்போம். இவை சிறிய காரியங்கள்தாம். ஆனால் டுஃபோவுக்கும் குவாதேக்கும் இடையே இருந்த வேறுபாடும் இவ்வளவே.

நூறு பேர் கூடி, பார்வையற்றோருக்கு எது நல்லது என்று ஆராய்ந்த பள்ளியில், விடையைக் கண்டுபிடித்தவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பார்வையற்ற சிறுவன். நம் நடுவிலும் அத்தகையவர் இருக்கக்கூடும். அவர் பேசும்போது காது கொடுத்துக் கேட்கும் நல்ல உள்ளம் நமக்கு வாய்ப்பதாக!